டொமைன் யார் பெயரில்?

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. சென்னையிலிருந்து இயங்கும் ஸோஹோ நிறுவனத்தின் மென்பொருள் சேவைகள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் நின்றுபோயின. சர்வர்கள் பழுதாகவில்லை. தரவு எதுவும் திருடு போகவில்லை. ஆனால் ஸோஹோ.காம் என்ற முகவரியைத் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பெயரைப் பதிவு செய்து கொடுத்திருந்த டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம், ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டிப் பெயரை முடக்கியிருந்தது. இரண்டு மாதங்களில் வந்தவை மூன்றே புகார்கள், இரண்டின் மீது உடனே நடவடிக்கை எடுத்தாயிற்று, மூன்றாவதை விசாரித்துக்கொண்டிருந்தோம் என்றது ஸோஹோ. கோடிக்கணக்கான பயனர்களைக் கொண்ட நிறுவனத்தின் தலைவர் ஸ்ரீதர் வேம்பு, விஷயத்தைத் தீர்க்கக்கூடிய ஆளைப் பிடிப்பதற்கு ட்விட்டரில் வேண்டுகோள் விடுக்க வேண்டியிருந்தது.

சில மணி நேரத்தில் முடக்கம் நீங்கியது. முகவரிக் குறிப்புகளை இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் சில பயனர்களுக்கு இன்னும் தாமதமானது. பிறகு ஸோஹோ தன் டொமைனை கிளவுட்ஃபிளேருக்கு மாற்றிக்கொண்டது. இனித் தானே பதிவு நிறுவனம் ஆகப்போவதாகவும் அறிவித்தது. ஸோஹோவின் வலு உள்ளவர்களுக்கு அது சரி. ஆனால் கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்பவர், சிவகாசியில் டைரி அச்சிடுபவர், ஊருக்குள் நல்ல பெயரெடுத்த இனிப்புக் கடைக்காரர் எல்லாம் இதே தரையில்தான் நிற்கிறார்கள். தங்களிடம் இருப்பது எது, இல்லாதது எது என்று அவர்களில் பெரும்பாலானோர் ஒரு தடவைகூடக் கணக்குப் பார்த்ததில்லை.

டொமைன் ‘வாங்கினேன்’ என்கிறோம். உண்மையில் அது குத்தகை. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு எடுக்கலாம், புதுப்பித்துக்கொண்டே போகலாம், அவ்வளவுதான். உச்சியில் 1998-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஐகேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இருக்கிறது. அதன் கீழ் ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு பதிவேடு. .காம் பதிவேட்டை வெரிசைன் நிறுவனமும், .இன் பதிவேட்டை இந்திய அரசு சார்ந்த நிக்ஸி அமைப்பும் பராமரிக்கின்றன. அதற்கும் கீழே நமக்குப் பெயரை விற்கும் ரெஜிஸ்டிரார்கள், அதாவது பதிவு நிறுவனங்கள். அவர்களுக்குக் கீழே மறுவிற்பனையாளர்கள். எல்லாப் படிக்கும் கீழே, ‘பதிவுதாரர்’ என்ற கட்டத்தில் ஒரு பெயரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும்.

நிலத்தில் கிரயப்பத்திரம் ஒரு இடத்தில், பட்டா ஒரு இடத்தில், கேட்டுச் சாவி ஒரு இடத்தில் இருக்கும். மூன்றும் மூன்று பேரிடம் போனாலும் எதை வைத்து எதை மீட்பது என்று தாலுகா அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தெரியும். டொமைனில் அந்த மின்னஞ்சல் ஒன்றே மூன்று வேலையையும் செய்கிறது. பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு அதற்குத்தான் போகும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் அதற்குத்தான். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான ரகசியக் குறியீடும் பெரும்பாலும் அதற்குத்தான். யார் பணம் கொடுத்தார், யார் தொழில் நடத்துகிறார், ஊரில் யாருக்கு அந்தப் பெயர் என்பதெல்லாம் அந்த அமைப்புக்குத் தெரியாது. இணையத்தில் உரிமை ஒருவரிடமும் கைவசம் வேறொருவரிடமும் இருப்பது மிகச் சாதாரணம். அப்படி இருக்கும்போது இயந்திரம் கைவசத்துக்குத்தான் கீழ்ப்படியும். சட்டம் பின்னால் வரும், சில நேரம் மிகவும் பின்னால்.

எவ்வளவு பின்னால் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. டொமைன் சட்டத்தின் வரலாற்றில் அதைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. பெயர்தான் கொஞ்சம் சங்கடமானது.

கேரி கிரெமென் என்ற அமெரிக்கர், மேட்ச்.காம் என்ற துணை தேடும் தளத்தை நிறுவியவர். 1994-இல் செக்ஸ்.காம் என்ற பெயரை ‘ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ்’ என்ற தன் தொழிற்பெயரில் பதிந்தார். அன்று பதிவு இலவசம். அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனம் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தது. பெயரை வைத்து உடனே எதுவும் செய்யாமல் அவர் சும்மா விட்டிருந்தார். மோசடி வழக்கில் சிறை சென்று அப்போதுதான் வெளியே வந்திருந்த ஸ்டீபன் கோஹென் என்பவர் 1995 அக்டோபரில் அந்தப் பதிவு நிறுவனத்திடம் ஒரு கடிதத்தைக் காட்டினார். ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ் நிறுவனம் அவருக்கு எழுதியது போன்ற கடிதம். கிரெமெனை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், அந்த டொமைன் எங்களுக்கு வேண்டாம், நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது சாரம். எங்களுக்கு நேரடி இணைய இணைப்பு இல்லை, ஆகவே பதிவு நிறுவனத்துக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள் என்றும் அதில் இருந்தது.

‘ஆன்லைன்’ என்று பெயர் வைத்துக்கொண்ட நிறுவனத்துக்கு இணைய இணைப்பு இல்லையாம். பின்னாளில் தீர்ப்பெழுதிய நீதிபதி அலெக்ஸ் கொஸின்ஸ்கி இந்த இடத்தைக் கிண்டலாகச் சுட்டிக்காட்டினார். அன்று நெட்வொர்க் சொல்யூஷன்ஸில் யாருக்கும் அது உறுத்தவில்லை. கிரெமெனுக்கு ஒரு போன் செய்யவில்லை, ஒரு மின்னஞ்சல் அனுப்பவில்லை. பெயர் கோஹெனுக்குப் போனது. ஆபாசத் தளமாக்கி அவர் பெரும்பணம் சம்பாதித்தார்.

கிரெமென் வழக்குப் போட்டார். 2000 நவம்பரில் பெயரைத் திருப்பித் தர உத்தரவானது. 2001-இல் 4 கோடி டாலர் நஷ்ட ஈடு, தண்டனைத் தொகையாக மேலும் 2.5 கோடி டாலர் என்று தீர்ப்பு வந்தது. கோஹென் அதற்குள் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு மெக்ஸிகோவுக்குப் போய்விட்டார். அவரை அங்கே பிடித்தது 2005-இல். பணம் வராத நிலையில் கிரெமெனின் நம்பிக்கை, பெயரைத் தாரைவார்த்த பதிவு நிறுவனத்தின் மீது அவர் தொடுத்திருந்த வழக்கில்தான் இருந்தது. சட்டத்துக்கு இந்த வழக்கு முக்கியமாவது இங்கேதான்.

டொமைன் கண்ணால் பார்க்க முடியாதது, கையில் பிடிக்க முடியாதது, அதை எப்படிச் சொத்து என்பது, சொத்தைப் பறிகொடுத்தவருக்கான பரிகாரத்தை எப்படிக் கொடுப்பது என்று கீழமை நீதிமன்றம் கைவிரித்திருந்தது. 2003 ஜூலையில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. எல்லை வரையறுக்கக்கூடியது, ஒருவர் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளக்கூடியது, வாங்கி விற்கப்படுவது. ஆகவே டொமைன் சொத்துதான் என்றது. ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். கிரெமென் காசு கொடுத்துப் பதியவில்லை. அதனால் பதிவு நிறுவனத்துடன் அவருக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பதை இந்த நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் இலவசமாக வந்ததாலேயே ஒரு பொருள் சொத்து இல்லாமல் போய்விடாது என்றது. 2004-இல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் சமரசத்துக்கு வந்தது. ஒரு போலிக் கடிதம் செய்ததைச் சரிசெய்ய எட்டு, ஒன்பது ஆண்டுகள். இத்தனைக்கும் கிரெமெனுக்கு வக்கீல்களுக்குச் செலவழிக்கும் சக்தி இருந்தது.

இந்தியாவில் இதற்கு இணையான தீர்ப்பு 2004 மே 6-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. அதன் வேரும் சென்னையில்தான். சத்யம் இன்ஃபோவே என்ற நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து ‘சிஃபி’ என்று ஒரு சொல்லை உருவாக்கி 1999-இல் அதில் பல டொமைன்களைப் பதிந்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்து வேறொரு நிறுவனம் ஓரெழுத்துக் கூட்டி ஏறத்தாழ அதே ஒலியில் சிஃபிநெட் என்று பதிந்தது. எங்கள் ஐந்து பங்குதாரர்களின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தோம் என்று அந்தத் தரப்பு சொன்னது. நீதிமன்றம் நம்பவில்லை. டொமைன்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை, ஆனாலும் அடுத்தவர் நற்பெயரைத் தனதாகக் காட்டி விற்பதைத் தடுக்கும் வணிகக் குறிச் சட்டக் கோட்பாடு டொமைனுக்கும் பொருந்தும் என்றது. அந்த நிலை இன்றும் பெரிதாக மாறவில்லை. .காம் போன்றவற்றுக்கு 1999-இல் வந்த ஐகேனின் தகராறு நடைமுறையும், .இன்னுக்கு நிக்ஸியின் நடைமுறையும் உண்டு. நீதிமன்றத்தை விட வேகமானவை. ஆனால் ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு புகார் கொடுக்கவே கட்டணம் 1,500 டாலர்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த நடைமுறைகள் எல்லாம் அந்நியன் வந்து நம் பெயரைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்காக எழுதப்பட்டவை. எதிராளி கெட்ட எண்ணத்துடன் பதிந்தான் என்று நிரூபிக்க வேண்டும். நம் ஊரில் டொமைன் கைமாறிப் போவது பெரும்பாலும் அந்நியனால் அல்ல. நாமே கூப்பிட்டு, நாமே முன்பணம் கொடுத்து, டீ வாங்கிக்கொடுத்து உட்கார வைத்த வெப் டிசைனரிடம்தான் அது இருக்கிறது. அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது என்பதுதான் சிக்கலே.

வழக்கமாக நடப்பது இதுதான். பில்லில் ‘வெப்சைட் டிசைன், டொமைன், ஹோஸ்டிங் உட்பட’ என்று ஒரே வரி இருக்கும். டிசைனரிடம் ஏதோ ஒரு ரெஜிஸ்டிராரின் மறுவிற்பனைக் கணக்கு ஒன்று உண்டு. அதில் ஐம்பது, அறுபது வாடிக்கையாளர்களின் பெயர்கள் வரிசையாகக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் பதிவுதாரர் மின்னஞ்சல் அவருடைய ஜிமெயில்தான். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தொடங்கினால் ஒவ்வொருவரிடமும் ஓ.டி.பி. கேட்டு நிற்க வேண்டும். கடைக்காரரோ கல்லாவில் கூட்டம் இருக்கும்போது போனை எடுக்க மாட்டார். அவசரத்துக்கு வசதியாகச் செய்ததுதான். ஆண்டுக்கொரு முறை ஏ.எம்.சி. என்ற பராமரிப்புப் பணம் வாட்ஸ்அப் க்யூ.ஆரில் போகிறது. ஐந்து ஆண்டு ஓடுகிறது. பிறகு டிசைனர் துபாய்க்குப் போகிறார், அல்லது தொழிலை விட்டு மளிகைக்கடை வைக்கிறார், அல்லது பாக்கிப் பணத்தில் சண்டை வருகிறது. அப்போதுதான் ‘டொமைன் யார் பெயரில்?’ என்ற கேள்வி முதன்முறையாக எழுகிறது.

வெளியே இருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவும் இப்போது வழி குறைவு. முன்பெல்லாம் ‘ஹூஇஸ்’ தேடலில் பதிவுதாரரின் பெயர், முகவரி, போன் எல்லாம் அப்பட்டமாக வரும். 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமை விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பதிவு நிறுவனங்கள் அவற்றை மூடிவிட்டன. இன்று ஐகேனின் தேடல் பக்கத்தில் கிடைப்பது ரெஜிஸ்டிரார் யார், எப்போது பதிந்தது, எப்போது காலாவதி, பூட்டு போட்டிருக்கிறதா என்பவைதான். உரிமையாளர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளிது. வேறு யாரையும் கூப்பிடாமல் இந்த டொமைனை நான் இன்றைக்கு வேறு ரெஜிஸ்டிராருக்கு மாற்ற முடியுமா? பதிவுதாரர் கேட்டால் மாற்றுக் குறியீட்டை ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஐகேன் விதி சொல்கிறது. பதிவுதாரர் கேட்டால்! கடைக்காரர் பதிவுதாரர் இல்லையென்றால் அந்த விதியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. காசோலை நகல், ஜி.எஸ்.டி. சான்றிதழ், பழைய பில் எல்லாம் கொண்டுபோய் உதவி மையத்திடம் மன்றாடலாம். அது அவர்கள் தயவு.

காலாவதி விஷயத்திலும் இதே கயிறுதான் கழுத்தில். .காம் பெயர் காலாவதியானால் உடனே போய்விடாது. ரெஜிஸ்டிராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. பிறகு ஐந்து நாள் நீக்கக் காத்திருப்பு, அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எழுத்தில் இவ்வளவு அவகாசம் இருந்தாலும் நல்ல பெயர்களை ரெஜிஸ்டிரார்களே நடுவில் ஏலத்துக்கு விடுவதுண்டு. காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன், ஒரு வாரம் முன், முடிந்த ஐந்து நாளுக்குள் என்று மூன்று நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றும் துபாயில் இருப்பவரின் இன்பாக்ஸில் விழும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட்.காம் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழையும் வாசலே அதுதான். ஒரு லினக்ஸ் நிரலாளர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர்.

டொமைனாவது ஒரு வரியில் முடியும். இணையதளத்தின் உள்ளடக்கம், நிரல், லோகோ, புகைப்படம் இவற்றின் கதை வேறு. ‘காசு கொடுத்தேன், ஆகவே என்னுடையது’ என்பது நம் மனதில் ஆழமாக ஊறிய நியாயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் பணியின்போது உருவாக்கியது என்றால் முதலாளிக்கு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம் போன்ற சிலவற்றில் எடுக்கச் சொன்னவருக்கு. ஆனால் நிரல் எழுதிக் கொடுத்த ஃப்ரீலான்சர் ஊழியர் அல்ல. எழுத்துபூர்வமாக மாற்றிக்கொடுக்காதவரை அந்த நிரல் அவருடையது.

எழுதி வாங்கினாலும் 19-ஆவது பிரிவைப் படிக்காமல் வாங்கினால் பாதிதான் வாங்கியதாக அர்த்தம். கால அளவு குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கைக்கு வந்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை அதுவும் காலாவதி. இவை எழுத்தாளர்களையும் இசையமைப்பாளர்களையும் பதிப்பாளர்களின் பேராசையிலிருந்து காக்க வந்த விதிகள், நல்ல விதிகள்தான். ஆனால் ஜெர்மனிக்குப் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கரூர்க்காரர் தன் இணையதள நிரலை ‘ஐந்து ஆண்டுக்கு, இந்தியாவுக்குள்’ மட்டுமே வாங்கியிருக்கிறார் என்றால் அவருக்கே சிரிப்பு வரும். ‘முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற இரண்டு சொற்றொடர்களும் இரு தரப்புக் கையெழுத்தும் போதும். மூலக் கோப்புகளையும் அப்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். சின்னப் படக் கோப்பாக வந்த லோகோவை வைத்துப் பெரிய போர்டு அடிக்க முயன்றவர்களுக்கு அது தெரியும்.

சமூக ஊடகக் கணக்குகளுக்கு வருவோம். இங்கே நீதிமன்றங்களே தட்டுத் தடுமாறியிருக்கின்றன. 2011-இல் அமெரிக்காவில் ஃபோன்டாக் என்ற கைப்பேசி விமர்சனத் தளம், வேலையை விட்டுப் போன தன் எழுத்தாளர் மீது வழக்குப் போட்டது. நிறுவனப் பெயரோடு அவர் நடத்திய ட்விட்டர் கணக்கில் 17,000 பேர் பின்தொடர்ந்தார்கள். போகும்போது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு கணக்கைக் கையோடு எடுத்துப் போனார். ஒரு பின்தொடர்பவருக்கு மாதம் இரண்டரை டாலர், எட்டு மாதத்துக்கு 3,40,000 டாலர் என்று கணக்குப் போட்டுக் கேட்டது நிறுவனம். இரண்டரை டாலர் எப்படி வந்தது என்பது யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. 2012 இறுதியில் சமரசமாகி, கணக்கு அவரிடமே தங்கியது. டெக்ஸாஸில் திவாலான துப்பாக்கிக் கடையொன்றின் பழைய உரிமையாளர், கடையின் ஃபேஸ்புக் பக்கத்தைத் தன் சொந்தப் பெயருக்கு மாற்றிக்கொண்டார். 2015-இல் நீதிபதி அது கடையின் சொத்து என்றார். பாஸ்வேர்டைத் தர மறுத்ததற்காக அந்த மனிதர் ஏழு வாரம் போல சிறையில் இருந்தார்.

இவற்றில் ஆழமானது ஹேலி பெய்ஜ் வழக்கு. மணப்பெண் உடை வடிவமைப்பாளரான அவர் 2011-இல் ஜே.எல்.எம். கூட்டூர் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு தொடங்கினார். அதில் அவருடைய நாயும் உண்டு, காதலரும் உண்டு, நிறுவனத்தின் கவுன்களும் உண்டு. பத்து லட்சத்துக்கு மேல் பின்தொடர்பவர்கள் சேர்ந்தார்கள். நிறுவனத்துடன் உறவு முறிந்ததும் 2020 டிசம்பரில் நீதிமன்றம் கணக்கை நிறுவனத்திடம் கொடுத்தது. தன் பெயரையே தொழிலில் பயன்படுத்த முடியாமல் அவர் வேறு பெயர் வைத்துக்கொண்டார். கணக்கு யாருடையது என்பதைத் தீர்மானிக்கக் கீழமை நீதிமன்றம் ஆறு அம்சங்களைப் பட்டியலிட்டுப் பார்த்தது: கணக்கு எப்படித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது, தொழிலுக்கு விளம்பரம் செய்கிறதா, ஊழியர்களுக்கு அதில் நுழைய அனுமதி உண்டா என்றெல்லாம். 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பட்டியலைத் தள்ளிவிட்டது. மற்ற சொத்துகளுக்கு என்ன கேள்வியோ அதே கேள்விதான் இதற்கும்: தொடங்கிய அன்று இது யாருடையது, பிறகு யாருக்காவது மாற்றிக் கொடுக்கப்பட்டதா? அதே ஆண்டு சமரசத்தில் 2,63,000 டாலர் கொடுத்துத் தன் பெயரை அவர் மீட்டுக்கொண்டார்.

எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகப் படுகிறது. பழகப் பழக ஒரு பொருள் கைமாறிவிடும் என்று ஏற்றுக்கொண்டால் எந்த ஊழியரும் தன் சொந்தக் கணக்கில் கம்பெனிப் படத்தைப் போடவே பயப்படுவார். ஆனால் இதன் மறுபக்கத்தையும் முதலாளிகள் கவனிக்க வேண்டும். கடையின் இன்ஸ்டாகிராமைக் கவுன்ட்டரில் நிற்கும் பையன் தன் போனில், தன் நம்பரில் தொடங்கினான் என்றால், ‘தொடங்கிய அன்று யாருடையது’ என்ற கேள்விக்கு விடை என்ன? கடைக்காக, கடை சொல்லி, வேலை நேரத்தில் தொடங்கினான் என்று ஏதாவது ஒரு காகிதம் காட்ட வேண்டும். பலரிடம் அது இல்லை.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். டொமைன், நிரல், வாடிக்கையாளர் பட்டியல் இவற்றைச் சொத்து என்று சொல்லலாம். பின்தொடர்பவர் எண்ணிக்கை, கூகுள் வரைபடத்தில் சேர்ந்த நட்சத்திரங்கள், அமேசானில் தேடினால் முதல் பக்கத்தில் வருவது இவற்றை அப்படிச் சொல்ல முடியாது. அவை அந்தந்தத் தளத்தின் அனுமதி. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் அதில் ஒன்று, ஹெலோ இன்னொன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சமையலும் ஆட்டமும் காட்டி லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்களின் கையில் ஓரிரு நாளில் எதுவும் இல்லை. யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் வரச் சொல்லி ரசிகர்களுக்குச் சொல்லக்கூட அதே செயலிதான் வழி. ரசிகர்களின் ஒரு போன் நம்பர், ஒரு மின்னஞ்சல் அவர்களிடம் கிடையாது. உணவகங்களுக்கும் இதே குறைதான். உணவு விநியோகச் செயலிகள் வாடிக்கையாளர் விவரத்தைத் தங்களுக்குக் காட்டுவதில்லை என்று தேசிய உணவகச் சங்கம் நெடுநாளாகப் புகார் சொல்லிவந்திருக்கிறது. மூன்று வருடமாக வாராவாரம் பிரியாணி வாங்குபவர் யார் என்று சமைப்பவருக்குத் தெரியாது. பார்சலுக்குள் ஒரு அட்டையை வைத்து ‘அடுத்த முறை நேரடியாக இந்த எண்ணுக்கு’ என்று எழுதுகிற உணவகங்கள் உண்டு. அந்த அட்டை அசல் வணிக புத்தி.

எல்லாவற்றுக்கும் அடியில், எவரும் சொத்துப் பட்டியலில் சேர்க்காத ஒரு பொருள் கிடக்கிறது: சிம் கார்டு. ஜிமெயிலின் மீட்பு எண் அது. ரெஜிஸ்டிராரின் ஓ.டி.பி. அதற்கு. வாட்ஸ்அப் பிசினஸ் அதில். வங்கியும் அதில். கடை எண் என்று நோட்டீஸில் அச்சிட்டிருப்பார்கள், சிம் யாருடைய ஆதாரில் என்று பார்த்தால் எப்போதோ வேலை பார்த்த மேனேஜர் பெயரில் இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு முடங்கிய எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 90 நாள் வரை புதியவருக்குத் தருவதில்லை. அதற்குப் பின் தரலாம். இது 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே பேசப்பட்டு, பழைய எண்ணில் இருக்கும் தன் தரவைப் பாதுகாத்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. மின்னஞ்சலுக்கும் ஆயுள் உண்டு. இரண்டு ஆண்டு யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது. டொமைனுக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்கி, பத்து ஆண்டுக்குப் பணம் கட்டி, பிறகு அந்த ஜிமெயிலை மறந்துவிட்டவருக்கு டொமைன் மிச்சமிருக்கும், அதன் கதவு மட்டும் இருக்காது.

கூட்டுத் தொழில்களிலும் குடும்பத் தொழில்களிலும் இது எப்படி முடியும் என்பதைப் பார்க்க, எந்த ஊரிலும் ஒரு கூட்டாண்மைப் பத்திரத்தை எடுத்துப் படித்தால் போதும். முத்திரைத்தாளில் மூலதனம், லாப விகிதம், இயந்திரம், சரக்கு, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து, தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் எல்லாம் இருக்கும். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, மாறான நோக்கம் தெரியாதவரை, நிறுவனப் பணத்தில் வாங்கியது நிறுவனத்துக்குத்தான் என்று சொல்கிறது. நற்பெயரும் அதில் அடக்கம். ஆகவே ஒரு பங்காளியின் தனி ஜிமெயிலில் பதிந்திருந்தாலும் டொமைன் சட்டப்படி எல்லோருடையது என்று வாதாடலாம். வாதாடி முடியும்வரை ஆர்டர் மின்னஞ்சல்கள் அந்த ஒருவருக்கே போய்க்கொண்டிருக்கும். பத்திரம் எழுதுபவரிடம் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கச் சொல்லலாம்: டொமைன் பெயர், ரெஜிஸ்டிரார், பதிவுதாரர் கட்டத்தில் நிறுவனத்தின் பெயர், மீட்பு எண்ணாக நிறுவனத்தின் பெயரில் உள்ள சிம், கூகுள் பிசினஸ் பக்கத்தின் முதன்மை உரிமையாளர், ஃபேஸ்புக் பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு அட்மின். பாஸ்வேர்டுகளைப் பத்திரத்தில் எழுதக் கூடாது. அவை எங்கே இருக்கின்றன என்று மட்டும் எழுதலாம்.

ஒருவரே நடத்தும் தொழிலில் அவர் இறந்துபோனால் வாரிசுகள் முதலில் செய்வது அவர் போனை அணைத்து வைப்பது, அல்லது சிம்மை ரத்து செய்வது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். ரெஜிஸ்டிராரிடம் அவற்றைக் கொடுத்துப் பதிவை மாற்ற மேலும் நாளாகும். அதுவரை அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் நடக்க வேண்டும், டொமைன் எந்தத் தேதியில் காலாவதி என்று யாராவது பார்த்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு முடங்கியதும் அட்டையிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த ஹோஸ்டிங் கட்டணமும் நின்றுவிடும் என்பதால், அந்த மாதத் தொகையை வேறு கார்டிலிருந்து கட்டிவிடுவது நல்லது.